காணிக்கைப் பட்டியல் ஜேசன் கோப்பில் பெயர்கள் குறைகின்றன, எழுத்து சிதைகிறது

ரங்கூன் கணக்கர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு கோயிலின் திருவிழாக் காணிக்கைப் பதிவேட்டைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றுகிறோம். அலுவலக அறையில் ஒரு விண்டோஸ் கணினி இருக்கிறது, அதில் பைத்தான் நிரல்மொழி. வாசல் மேசையில் இரண்டு ஆண்ட்ராய்டு ஃபோன்கள். அவற்றில் சிறிய ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒன்றில் பெயரையும் தொகையையும் பதிகிறார்கள். சாயங்காலம் ஃபோனிலிருந்து ஜேசன் கோப்பு (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) கணினிக்கு வரும், பைத்தான் அதைப் படித்து மொத்தக் கணக்குப் போடும். கோப்பின் இப்போதைய அமைப்பு இது:

{
  "முருகன்": 50000,
  "கோபால்": "5,00,000",
  "செல்லம்மா": "அரிசி 10 வீசை"
}

காகிதத்தில் 412 வரி இருக்கின்றன, கோப்பைப் படித்தால் 387 பேர்தான் வருகிறார்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. பைத்தான் திரும்ப எழுதிய கோப்பைத் திறந்தால் தமிழே தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பின்சாய்வுக்கோடு, யூ, நான்கு இலக்கம் என்று நீளமாக வருகிறது. அதை மாற்ற "என்ஷ்யூர்_ஆஸ்கி" என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் "சார்மேப்" என்று தொடங்கும் பிழை வந்து கோப்பு பாதியில் நிற்கிறது. தொலைபேசி எண்ணைச் சேர்த்தபோது, காற்புள்ளியை எதிர்பார்த்தேன் என்று பார்சர் (கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்) சொல்கிறது. காற்புள்ளி சரியாகத்தான் இருக்கிறது. பர்மியப் பெயர்கள் ஒரு ஃபோனில் சரியாகவும் மற்றொன்றில் குழம்பியும் தெரிகின்றன. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் கோப்பு 0 பைட் ஆகிவிடுகிறது.

ஒவ்வொன்றையும் தனியாகத் திருத்தலாமா, அல்லது அமைப்பையே மாற்ற வேண்டுமா?

---

பெகுக்காரன்

அமைப்பையே மாற்ற வேண்டும். நீங்கள் சொன்னவற்றில் மிகப் பெரிய இழப்பு முதலாவதுதான், அதிலிருந்து தொடங்குகிறேன்.

பெயரைக் கீயாக (மதிப்பைத் தேடி எடுக்க முக்காற்புள்ளிக்கு முன்னால் வரும் சொல்லாக) வைத்திருக்கிறீர்கள். நம் ஊரில் ஒரே திருவிழாவில் நான்கு முருகன், மூன்று செல்லம்மா வருவது சாதாரணம். ஜேசன் விதிமுறையான ஆர்.எஃப்.சி 8259 (2017 டிசம்பர்) ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் (நெளிவு அடைப்புக்குறிக்குள் வரும் கீ, மதிப்புத் தொகுப்புக்குள்) கீ திரும்ப வராமல் இருப்பது நல்லது என்கிறதே தவிர, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் கடைசியாக வந்த மதிப்பை வைத்துக்கொண்டு முந்தியதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். உங்கள் 25 பேர் போன வழி அதுதான்.

தரவை மீட்க முடியுமா என்பது எந்த இடத்தில் மோதல் நடந்தது என்பதைப் பொறுத்தது. ஃபோனிலிருந்து வந்த கோப்பை நோட்பேடில் திறந்து "முருகன்" என்று தேடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் கோப்பில் தரவு பத்திரமாக உள்ளது, படிக்கும்போதுதான் தொலைகிறது. "ஜேசன்.லோட்" அழைக்கும்போது "ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹூக்" என்ற அளவுருவுக்கு ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். அதற்குக் கீ‑மதிப்பு ஜோடிகள் எல்லாம் வரிசையாக, எதுவும் விடுபடாமல் வந்துசேரும். அங்கேயே பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு முருகன்தான் இருக்கிறார் என்றால், ஃபோன் பக்கத்திலேயே ஒரு ஆப்ஜெக்ட்டில் போட்டு மேலெழுதிவிட்டார்கள் என்று பொருள். அப்படியானால் காகிதப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்பப் பதிவதைத் தவிர வழி இல்லை. அதனால் அந்தப் பதிவேட்டை இந்த வேலை முடியும்வரை யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய அமைப்பில் வெளியே அரே (சதுர அடைப்புக்குறிக்குள் வரும் வரிசைப் பட்டியல்), உள்ளே ஒவ்வொரு ரசீதும் ஓர் ஆப்ஜெக்ட்:

[
  {
    "ரசீது": "2025-0117",
    "தமிழ்ப்பெயர்": "கோபால்",
    "தொலைபேசி": "+959000000000",
    "காணிக்கை": [
      {"வகை": "பணம்", "அளவு": 500000, "அலகு": "கியாட்"},
      {"வகை": "அரிசி", "அளவு": 10, "அலகு": "பர்மா வீசை"}
    ]
  }
]

ஒருவரை அடையாளம் காட்டுவது ரசீது எண். அது ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் வரும் உரை), எண் அல்ல. ரசீது எண்ணையே கீயாக வைத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். "101", "102" போல முழு எண்ணாகத் தெரியும் கீக்களை ஜாவாஸ்கிரிப்ட் நீங்கள் போட்ட வரிசையில் வைக்காது, ஏறுவரிசையில் முன்னால் தள்ளிவிடும். வரிசை முக்கியம் என்றால் அரே மட்டுமே நம்பத்தக்கது.

தொகையில் காற்புள்ளி கூடாது. "5,00,000" என்பது ஸ்ட்ரிங், அதைக் கூட்ட முடியாது. மேற்கோள் இல்லாமல் 5,00,000 என்று எழுதினால் பார்சர் முதல் காற்புள்ளியிலேயே தடுக்கி விழும். 500000 என்று எழுதி, காட்டும்போது மட்டும் காற்புள்ளி போடுங்கள்.

அடுத்து எழுத்து. பின்சாய்வுக்கோடு‑யூ வடிவம் சிதைவு அல்ல. பைத்தான் இயல்பாக ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு) வெளியே உள்ள எல்லாவற்றையும் அப்படி எழுதும். படிக்கும் எந்தப் பார்சரும் அதே தமிழைத் திருப்பித் தரும். நட்டம் இரண்டு: மனிதக் கண்ணால் படிக்க முடியாது, கோப்பும் பெரிதாகும். "முருகன்" என்பதில் புள்ளி, உகரக் குறிகளையும் எண்ணினால் 7 கோட் பாயிண்ட் (யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் தரும் எண்). அவற்றைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் முறையான யூ.டி.எஃப்‑8இல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. பின்சாய்வுக்கோடு வடிவத்தில் ஒவ்வொன்றும் 6 பைட், மொத்தம் 42. பர்மிய எழுத்துக்கும் இதே கணக்கு. ஃபோன் டேட்டாவில் அனுப்புகிறவர்களுக்கு இந்த இரட்டிப்பு உறைக்கும்.

என்ஷ்யூர்_ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்கியது சரி. தவறு கோப்பைத் திறந்த இடத்தில். விண்டோஸில் "ஓப்பன்" அழைக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பைத்தான் கணினியின் பழைய கோட் பேஜை (எழுத்து அட்டவணையை) எடுத்துக்கொள்கிறது, அதில் தமிழே கிடையாது. அதுதான் சார்மேப் பிழை. எழுதும்போது என்கோடிங் "யூ.டி.எஃப்‑8" என்று ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோப்பு பாதியில் நின்றதற்குக் காரணம் வேறு: "ஜேசன்.டம்ப்" துண்டு துண்டாக எழுதும். எழுதும் முறையில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடுகிறது, முதல் தமிழ் எழுத்தில் பிழை வந்து நின்றால் மிஞ்சுவது ஓர் அடைப்புக்குறி மட்டும். ஆகவே முதலில் "ஜேசன்.டம்ப்ஸ்" கொண்டு முழு ஸ்ட்ரிங்கையும் நினைவகத்தில் உருவாக்குங்கள். அது தேறினால் மட்டும் கோப்பைத் தொடுங்கள்.

படிக்கும்போது "யூ.டி.எஃப்‑8‑சிக்" என்று கொடுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடும் எக்செல்லும் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி ஒன்றை வைப்பதுண்டு. பைத்தானின் ஜேசன் பார்சர் அதைக் கண்டால் மறுத்துவிடும். சிக் என்று திறந்தால் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும். எழுதும்போது மட்டும் சிக் வேண்டாம். மற்றவர்களுக்கு அனுப்பும் ஜேசனில் அந்தக் குறி இருக்கக் கூடாது என்று விதிமுறையே சொல்கிறது.

தொலைபேசிக்கும் பர்மிய எழுத்துக்கும் மோல்மேன் அக்கா பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

மோல்மேன் அக்கா

தம்பி, தொலைபேசி எண் என்பது எண்ணே அல்ல. யாரும் அதைக் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை. ஜேசனில் எண் 0 என்று தொடங்கினால் அடுத்து தசமப்புள்ளியோ அடுக்குக் குறியோதான் வரலாம். நம் ஊர் கைபேசி எண் எல்லாம் 09 என்று தொடங்குகிறது. பார்சர் 0ஐ ஒரு முழு எண்ணாக எடுத்துக்கொண்டு, அடுத்து காற்புள்ளி வரும் என்று காத்திருக்கும்போது 9 வந்து நிற்கிறது. அதனால்தான் காற்புள்ளியைக் கேட்கிறது. மேற்கோளுக்குள் வையுங்கள். முடிந்தால் +959 வடிவத்தில் ஒரே மாதிரி வைத்துவிடுங்கள். இடையில் யாராவது எக்செல்லில் திறந்தால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும்.

அதோடு முடியவில்லை. வாசல் மேசையில் பர்மிய விசைப்பலகையில் தட்டுபவர் இருந்தால் இலக்கங்கள் பர்மிய இலக்கமாக வரும். பைத்தானின் "இன்ட்" பர்மிய இலக்கத்தையும் தமிழ் இலக்கத்தையும் எண்ணாக ஏற்றுக்கொள்ளும், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையின் அமைப்பைச் சோதிக்கும் குறிமுறையில்) இலக்கத்துக்கான குறியைப் போட்டுச் சோதித்தாலும் பைத்தானில் அவை தேறிவிடும். ஆகவே கணினியில் எல்லாம் சரி என்று தெரியும், ஃபோனில் மட்டும் உடையும். 0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களை மட்டும் வெளிப்படையாக எழுதிச் சோதியுங்கள். வருவதை மாற்ற "ட்ரான்ஸ்லேட்" அட்டவணை ஒன்று போதும்.

அந்த அட்டவணையில் இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பர்மியப் பூஜ்யமும் பர்மிய "வ" எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே. பூஜ்யத்தின் கோட் பாயிண்ட் தசமக் கணக்கில் 4160, எழுத்தினுடையது 4125. அதேபோல 7இன் கோட் பாயிண்ட் 4167, அதைப் போலவே தெரியும் எழுத்தினுடையது 4123. தட்டுபவர்கள் எது கைக்கு அகப்படுகிறதோ அதைப் போடுவார்கள். தொலைபேசி, தொகை ஆகிய இடங்களில் மட்டும் இந்த எழுத்துகளை இலக்கமாக மாற்றுங்கள். பெயர் உள்ள இடத்தில் தொடவே கூடாது.

இப்போது பர்மியப் பெயர். ஒரு ஃபோனில் சரியாக, மற்றொன்றில் குழப்பமாக என்றால் ஒன்று யூனிகோடு, மற்றொன்று ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறை. ஸோஜி எழுத்துரு யூனிகோடின் பர்மியப் பகுதியில் உள்ள அதே எண்களைப் பயன்படுத்துகிறது, ஆனால் வேறு விதமாக. எளிய அடையாளம் "ஏ" ஒலிக்குறி, பதினாறடிமானத்தில் 1031. நம் எழுத்தில் "கே" என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே ககரம்தான் முதலில் பதிவாகிறது. பர்மிய யூனிகோடும் அப்படித்தான், மெய் முதலில், குறி பிறகு. ஸோஜியில் கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே குறி முதலில் பதிவாகும். நாடு 2019 அக்டோபர் 1ஆம் தேதி யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. இருந்தாலும் பழைய ஃபோன்களும் பழைய பட்டியல்களும் இன்னும் ஸோஜியில் இருக்கின்றன.

ஜேசனுக்கு இது தெரியவே தெரியாது. இரண்டும் செல்லுபடியான யூ.டி.எஃப்‑8, இரண்டும் செல்லுபடியான ஸ்ட்ரிங். எந்தப் பார்சரும் பிழை சொல்லாது. நீங்கள்தான் வாசலிலேயே தரம் பிரிக்க வேண்டும். கூகுள் வெளியிட்ட "மியான்மர் டூல்ஸ்" நூலகத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் இருக்கிறது, உங்கள் ஃபோன் பக்கத்திலேயே சேர்க்கலாம். ஒரு ஸ்ட்ரிங் ஸோஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தரும். என் பரிந்துரை: 0.95க்கு மேல் என்றால் மாற்றுங்கள், 0.05க்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள், நடுவில் வருபவற்றைப் பர்மியம் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். பெயர்கள் குறுகியவை, அதனால் நடுவில் விழுபவை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டு எச்சரிக்கை. தமிழ் மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கை அதற்குக் கொடுத்தால் பர்மிய எழுத்தே இல்லை என்பதற்கு அடையாளமாகக் கழித்தல் முடிவிலியைத் திருப்பித் தரும். அந்த எண்ணை அப்படியே பதிவில் சேமித்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை நல் (மதிப்பு இல்லை) என்று எழுதும். பைத்தானோ ஜேசனில் அனுமதியே இல்லாத இன்ஃபினிட்டி என்ற சொல்லை எழுதிவிடும், அந்தக் கோப்பை ஃபோன் படிக்காது. பைத்தானில் எழுதும்போது "அலவ்_நான்" என்பதை ஃபால்ஸ் ஆக்கி வையுங்கள், தவறு அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, எங்கள் பக்கத்தில் மோன் மொழிப் பெயர்கள் வரும். மோன், ஷான், கரேன் மொழிகளுக்கான இடங்களைத்தான் ஸோஜி பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. மோன் பெயரை மாற்றிக்குள் போட்டால் நன்றாக இருந்த பெயர் கெட்டுவிடும். அதனால் வந்த ஸ்ட்ரிங்கை "மூலம்" என்ற கீயில் அப்படியே வைத்துவிட்டு, மாற்றியதைத் தனிக் கீயில் வையுங்கள். மூலத்தை ஒருபோதும் மேலெழுதாதீர்கள்.

பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காதீர்கள். பர்மியப் பெயருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. நம்மவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். தமிழ்ப்பெயர், பர்மியப்பெயர் என்று இரண்டு கீ வைத்து, இல்லாததை நல் என்று விடுங்கள். ஊ, தௌ, கோ, மா என்ற மரியாதை முன்னொட்டுகளுக்குத் தனிக் கீ வையுங்கள். இல்லாவிட்டால் அகரவரிசையில் பாதிப் பேர் ஓரிடத்தில் குவிவார்கள். குடியுரிமை அட்டை எண்ணைச் சேர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு ஃபோனிலும் ஒரு பென் டிரைவிலும் சுற்றும் கோப்பில் அது இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பெகுக்காரன் "பர்மா வீசை" என்று எழுதியது மிகச் சரி. சொல் நம்முடையதுதான், எடை ஒன்றல்ல. இங்கே வீசை 1.633 கிலோ. தமிழ்நாட்டுப் பழைய வீசை சுமார் 1.4 கிலோ. 10 வீசை அரிசியில் இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. கூடைக் கணக்கு இன்னும் கவனம் வேண்டியது, ஏனென்றால் கூடை முகத்தல் அளவை: நெல் என்றால் 46 பவுண்டு, அரிசி என்றால் 75 பவுண்டு. கொடுத்தவர் சொன்ன அளவையும் அலகையும் அப்படியே பதியுங்கள். கிலோவாக மாற்றுவது கணக்குப் போடும் நிரலின் வேலை, கோப்பின் வேலை அல்ல.

---

ரங்கூன் கணக்கர்

பெகுக்காரன் அண்ணே, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. கோப்பைத் திறந்து தேடினேன், முருகன் நான்கு இடத்தில் இருக்கிறார். ஜோடிகளாக எடுத்ததில் 412 வரியும் வந்துவிட்டன. புதிய அமைப்புக்கு மாற்றிவிட்டேன். தொலைபேசி எண்ணும் சரி.

இப்போது புதிதாக மூன்று. ஒரு ஃபோனிலிருந்து வரும் பதிவுகளில் மட்டும், கோப்பில் "தொலைபேசி" என்று கண்ணுக்குத் தெரிகிறது, பைத்தானில் அந்தக் கீயைக் கேட்டால் இல்லை என்கிறது. "ஸ்ரீ" என்று தொடங்கும் சங்கப் பெயர்களைத் தேடினால் பாதிதான் கிடைக்கின்றன. தைப்பூச நாளில் விடியுமுன் எழுதிய ரசீதுகள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழுகின்றன.

---

பெகுக்காரன்

முதல் இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் மருந்து வேறு.

"தொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒரே கோட் பாயிண்டாக, தசமத்தில் 3018; அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றே. ஜேசன் கீயை ஒப்பிடுவது கோட் பாயிண்ட் கோட் பாயிண்டாக, எனவே அவை வேறு வேறு கீ. அந்த ஃபோனில் பதிவுப் பக்கத்தை யாரோ வேறு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள். ஓகாரமும் ஔகாரமும் இதே போலத்தான். "கோபால்" என்ற பெயரும் இரண்டு பேராகும்.

இதற்கு மருந்து யூனிகோடு ஒழுங்காக்கம், என்.எஃப்.சி என்ற வகை. பைத்தானில் "யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்", ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கின் "நார்மலைஸ்". கோப்புக்குள் எழுதும் முன்பு கீ, மதிப்பு இரண்டையும் அதன் வழியாக அனுப்புங்கள். தேடுபவர் தட்டும் சொல்லையும் அப்படியே.

கீக்களைத் தமிழில் வைப்பது செல்லுபடியானதுதான். மேலே நானும் வாசிப்பு வசதிக்காக அப்படித்தான் எழுதினேன். இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் கோப்பில் கீக்களைக் குறுகிய ஆங்கில எழுத்துகளில் வைப்பதையே நான் விரும்புவேன். கீ என்பது நிரலுக்கு, பெயர் என்பது மனிதருக்கு. திரையில் காட்டும் தமிழ்த் தலைப்பைத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம்.

"ஸ்ரீ"க்கு என்.எஃப்.சி உதவாது. 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் "ஶ" என்ற எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. அதற்கு முன் "ஸ" கொண்டு எழுதுவதே வழக்கம். இன்று சில விசைப்பலகைகள் ஒன்றையும் சில மற்றொன்றையும் தருகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். யூனிகோடு இவற்றைச் சமமாகக் கருதுவதில்லை, ஆகவே நீங்களே மாற்ற வேண்டும்: நான்கு கோட் பாயிண்ட் கொண்ட அந்தத் தொகுதி முழுவதும் பொருந்தினால் மட்டும் ஒன்றை மற்றொன்றாக மாற்றுங்கள். தனித்த "ஶ"வைத் தொடாதீர்கள். "ஔ" என்பதை "ஒ", "ள" என்று இரண்டாகத் தட்டியவையும் இப்படித்தான் தப்பும். அதை நிரலால் மாற்றுவது ஆபத்து, ஏனென்றால் "ஒளி" என்ற சொல் கெட்டுப்போகும். பட்டியல் எடுத்துக் கையால் திருத்துங்கள், 412 வரியில் அதிகம் இராது.

அகரவரிசையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்து அதுதான் கேட்பீர்கள். பைத்தானின் "சார்ட்டட்" கோட் பாயிண்ட் வரிசையில் அடுக்கும். யூனிகோடில் "ன" என்பது "ந"வுக்கு அடுத்து இருக்கிறது, நம் நெடுங்கணக்கில் அது கடைசி. புள்ளி வைத்த மெய்யும் "கௌ"வுக்குப் பின்னால் போய்விடும். ஐ.சி.யூ என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் தமிழ் வரிசை விதியைப் பயன்படுத்துங்கள். ஃபோன் பக்கத்தில் "இன்டல்.கொலேட்டர்" இதைச் செய்யும்.

நேரம்: ஜாவாஸ்கிரிப்டின் "டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்" எப்போதும் உலகப் பொது நேரத்தைத்தான் எழுதும். நாம் அதற்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை 5 மணி ரசீது கோப்பில் முந்தைய நாள் இரவு 10:30 என்று பதிவாகும், முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி என்று எடுத்தால் ஒரு நாள் பின்னால் போகும். காலை 6:30க்கு முன் எழுதிய எல்லாம் இப்படித்தான் விழுந்திருக்கும். ஜேசனில் தேதி என்ற வகையே கிடையாது, அது வெறும் ஸ்ட்ரிங். ஆகவே உள்ளூர் நேரத்தை எழுதி, முடிவில் +06:30 என்பதைச் சேர்த்துப் பதியுங்கள். பைத்தான் 3.7 முதல் "ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட்" அதைச் சரியாகப் படிக்கும். ஏற்கெனவே பதிந்தவை கெட்டுவிடவில்லை. ஆறரை மணி நேரம் கூட்டினால் சரியாகிவிடும்.

---

நடுச்சாமம்

மின்வெட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று அடுக்காகச் செய்யுங்கள்.

ஃபோனிலிருந்து வரும் பதிவுகளுக்கு ஒரே பெரிய அரே வேண்டாம். வரிக்கு ஒரு முழு ஆப்ஜெக்ட், வரி முடிவில் புதுவரிக் குறி, வெளியே அடைப்புக்குறி இல்லை, வரிகளுக்கிடையே காற்புள்ளியும் இல்லை. இதை ஜேசன் லைன்ஸ் என்பார்கள். புதிய ரசீதைக் கோப்பின் வாலில் ஒட்டினால் போதும், பழையதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மின்சாரம் போனால் பெரும்பாலும் கடைசி வரிதான் பாதியாக நிற்கும். படிக்கும்போது ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்ஸ் செய்து, தேறாத வரியின் எண்ணை எழுதி வையுங்கள், மற்றவை பிழைத்துவிடும். ஒரே அரேயாக இருந்தால் கடைசி அடைப்புக்குறி இல்லாததற்காக 412 வரியும் மறுக்கப்படும்.

முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டிய இடத்தில், அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். "ஃப்ளஷ்", பிறகு "ஓ.எஸ்.எஃப்சிங்க்", கோப்பை மூடுங்கள், கடைசியாக "ஓ.எஸ்.ரீப்ளேஸ்". ஃப்ளஷ் மட்டும் போதாது. அது தரவை இயங்குதளத்திடம் கொடுக்கிறது, வட்டில் இறங்கியது என்று உறுதி தருவது எஃப்சிங்க். இந்த வரிசையில் எப்போது மின்சாரம் போனாலும் பழைய கோப்பு முழுதாகவோ புதிய கோப்பு முழுதாகவோ இருக்கும். தற்காலிகக் கோப்பு வேறு டிரைவில் இருந்தால் ரீப்ளேஸ் வேலை செய்யாது. விண்டோஸில் அந்தக் கோப்பை வேறு யாராவது திறந்து வைத்திருந்தாலும் அனுமதிப் பிழை வரும்; எக்செல்லை மூடிவிட்டு ஓட்டுங்கள்.

மூன்றாவது, என் உறுதியான கருத்து: முதன்மைப் பதிவேடாக ஜேசனை வைக்காதீர்கள். அது பரிமாற்றத்துக்கான வடிவம். பைத்தானோடு "எஸ்க்யூலைட்" என்ற சிறிய தரவுத்தளம் வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். ரசீது எண்ணைப் பிரைமரி கீ (ஒரு முறைக்கு மேல் வர முடியாத அடையாளம்) ஆக்கினால் இரட்டைப் பதிவை அதுவே மறுக்கும். எழுதும்போது மின்சாரம் போனால் முடியாத மாற்றத்தை அடுத்த முறை திறக்கும்போது அதுவே பின்வாங்கும். ஃபோனிலிருந்து ஜேசன் லைன்ஸ் உள்ளே வரட்டும், வெளியே அனுப்பவும் ஜேசன் இருக்கட்டும், நடுவில் எஸ்க்யூலைட்.

---

மோல்மேன் அக்கா

நடுச்சாமம் சொன்னதை ஏற்கிறேன். ரசீது எண் பிரைமரி கீ என்றால் இன்னொன்று தேவை, தம்பி. இரண்டு ஃபோனும் இணைப்பில்லாமல் தனித்தனியே எண் கொடுக்கின்றன. இரண்டிலும் 0117 இருக்கும், சேர்க்கும்போது ஒன்று மறுக்கப்படும். ஃபோனுக்கு ஓர் எழுத்து கொடுங்கள்: "அ‑2025‑0117", "ஆ‑2025‑0117". அச்சிட்ட ரசீதிலும் அதே எண் இருக்கட்டும்.

கோப்பை ஃபோனிலிருந்து அனுப்பும்போது உள்ளடக்கத்தை நகலெடுத்து அரட்டைச் செய்தியாக ஒட்ட வேண்டாம். சில விசைப்பலகைகள் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக மாற்றிவிடும், பார்சருக்கு அது மேற்கோளே அல்ல. கோப்பாகவே இணையுங்கள். ஜிஸிப் செய்து அனுப்பினால் திரும்பத் திரும்ப வரும் கீக்கள் நன்றாகச் சுருங்கும்.

தேடலுக்காகப் பெயரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நீக்கும் எண்ணம் வரும். பர்மிய உரையில் வரி எங்கே முறியலாம் என்று காட்ட அகலமற்ற இடைவெளியை வேண்டுமென்றே வைப்பவர்கள் உண்டு. தேடும் நகலில் மட்டும் நீக்குங்கள், "மூலம்" கீயில் இருக்கட்டும்.

சேர்த்து முடித்ததும் இரண்டு எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள்: வரிகளின் எண்ணிக்கை, கியாட் மொத்தம். இரண்டும் பொருந்தும்வரை ஃபோன்களில் உள்ள கோப்பை அழிக்க வேண்டாம்.

---

ரங்கூன் கணக்கர்

ஃபோன்களுக்கு அ, ஆ கொடுத்துவிட்டேன். வரி 412, மொத்தத் தொகையும் காகிதத்தோடு பொருந்துகிறது. ஸோஜிப் பெயர்களில் நடுவில் விழுந்தவை 9. நாளை அலுவலகத்தில் பர்மியம் படிப்பவரோடு உட்கார்ந்து பார்க்கிறோம்.